மூணு பாதை

வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசுக்கு எதிர்க்க வேணு வெச்சிருக்கறது ஜெராக்ஸ் கடைன்னு போர்டு சொல்லும். ஆனா வண்டி ஓடறது விண்ணப்பம் போடறதுலதான். பட்டா மாறுதல், வாரிசு சான்று, முதியோர் பென்ஷன், எது ஓணும்னாலும் ஆன்லைன்ல போட்டுக் குடுத்துடுவாரு. இருவத்திரெண்டு வருஷத்துல எத்தினி ஆயிரம் பேருக்குப் போட்டிருப்பாரோ, ஒரு தடவ கை தயங்கினது கெடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் பத்து நாளா ஒரே ஒரு விண்ணப்பத்தத் தொறக்கறாரு, பாக்கறாரு, மூடிடறாரு.

இமயமலைல இருக்கற ஒரு தேசியப் பூங்காவுக்குள்ள போறதுக்கு அனுமதி கேக்கற விண்ணப்பம் அது. பூங்கான்னதும் ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும் நெனச்சிக்கக் கூடாது. காடு, பனி, ஆறு, மலை எல்லாம் சேந்து ஒரு தாலுக்கா அளவுக்கு இருக்குது. உள்ள தங்க விட மாட்டாங்க. அடிவாரத்துல ரூம் போட்டுக்கினு, காலைல ஆறு மணிக்கு உள்ள போனா சாயந்திரம் அஞ்சுக்குள்ள வெளிய வந்துடணும். ஒரு நாளைக்கு ஒரு பாதை. எந்த நாள் யாரு எந்தப் பாதைல நடக்கறாங்கன்னு பேரோட முன்னாடியே எழுதிக் குடுக்கணும்.

மொத்தம் மூணு பாதை. ஆத்தோரமாவே நாலு கிலோமீட்டர், சமதரை. தேவதாரு மரக் காட்டுக்குள்ள ஏழு கிலோமீட்டர், போன வழியே திரும்பணும். மூணாவது, ஒரு சிகரத்தையே ஒரு சுத்து சுத்திக்கினு வர பதினாலு கிலோமீட்டர். இதுக்கு நேரா மட்டும் செவப்புல கடினம், பாதில திரும்ப விட மாட்டோம்னு போட்டிருக்கான்.

அந்த மூணாவதுலதான் போவேன்னு நிக்கறா வேணு சம்சாரம் ரேணுகாம்பாள். அவ நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சி எட்டு மாசம் ஆவுது. மேல ஏறி, போன் கூட எடுக்காத எடத்துல அவளுக்கு மறுபடியும் நெஞ்சு புடிச்சிக்கினா என்னா பண்றது, இது ஒண்ணுதான் வேணுவுக்கு. பத்து நாளா சோறு எறங்கல.

டூருக்கு ஏற்பாடு பண்ணது ரேணுகாவோட அண்ணன் பரசுராமன். அடி அண்ணாமலைல உரக்கடை. அவரு, அவரு சம்சாரம் மணியம்மாள், இவங்க ரெண்டு பேரு, இப்பிடி நாலு பேரும் பத்தொம்பது வருஷமா பௌர்ணமி தவறாம கிரிவலம் சுத்தறவங்க. ரேணுகாவுக்கு உடம்புக்கு வந்தப்பறம்தான் அது மூணாச்சு, ரெண்டாச்சு.

பாதைய முடிவு பண்ணலாம்னு ஒரு ஞாயித்துக்கெழம உரக்கடை வாசல்ல நாலு சேர் போட்டு ஒக்காந்தாங்க. வேணு மூணு பாதையையும் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணியே கொண்டாந்திருந்தாரு.

"மாப்ள, இதுல யோசிக்க என்னா இருக்குது. பதினாலு கிலோமீட்டர்னா நம்ம கிரிவலம் கணக்குதான. கண்ண மூடிக்கினு நடப்போம்" ன்னாரு பரசுராமன்.

"மச்சான், கிரிவலம் தார் ரோடு. வழி பூரா சுக்குக் காபி விக்கறான். கால் வலிச்சா ஆட்டோ ஏறிக்கலாம். இது ஆயிரத்து நூறு மீட்டர் மேல ஏறணும்."

"எவ்ளோ தூரத்துக்குள்ள?"

"அந்தப் பதினாலுக்குள்ளதான்."

"அப்ப அதே பதினாலுதான."

வேணு பொறுமையாத்தான் இருந்தாரு. "நம்ம மலை எவ்ளோ ஒசரம் தெரியுமா? எண்ணூத்திச் சொச்சம் மீட்டர். கொஞ்சம் நிமுந்து பாருங்க. அதுக்கும் மேல ஏறி எறங்கணும் மச்சான், ஒரே நாள்ல."

எல்லாரும் நிமுந்து பாத்தாங்க. பொறந்ததுலேர்ந்து பாக்கற மலை. சுத்திச் சுத்தி வந்தவங்க, ஏறினவங்க இல்ல. இப்ப ஏறவும் விடறதில்ல. அதனால அவங்க கண்ணுக்கு அது ஒசரமாத் தெரியல, சாமியாத் தெரிஞ்சுது. மணியம்மாள் கன்னத்துல போட்டுக்கினாங்க.

"அந்த ரெண்டாவது பாதை ஏழுதான். நெழலு. நல்லா இருக்கும்" னு வேணு அடுத்த அட்டைய நீட்டினாரு.

மணியம்மாள் வாங்கிப் பாத்துட்டுக் குடுத்துட்டாங்க. "போன வழியே திரும்பறதாம்ல. பாதி சுத்திட்டு யாராச்சும் திரும்புவாங்களா தம்பி? சுத்தினா முழுசாச் சுத்தணும். இல்லன்னா வீட்ல கெடக்கணும்."

"அங்க சாமி இல்லக்கா. அது வெறும் மலை."

"மலை எங்கயாச்சும் வெறும் மலையா இருக்குமா?"

பரசுராமனுக்கு வேற கவல. "அந்தச் சிகரம் நமக்கு வலது கைப் பக்கமா வருமா, எடது பக்கமா?"

இதயும் வேணு கேட்டு வெச்சிருந்தாரு. பூங்கா ஆபீசுக்குப் போன் போட்டு, தெரிஞ்ச நாலு இங்கிலீஷ் வார்த்தைல கேட்டதுக்கு, அந்தப் பக்கம் இருந்த ஆளு, எப்பிடி வேணும்னாலும் போங்க, சாயந்திரம் அஞ்சுக்கு வந்துடுங்கன்னுட்டான். ஷூ இல்லாம விட மாட்டோம்னும் சொன்னான்.

"ஷூவா? ஷூ போட்டுக்கினு மலையச் சுத்தறதா?" பரசுராமன் ரொம்ப நேரம் அதுலயே நின்னாரு. செருப்பில்லாம நடந்து நடந்து அவரு குதிகால் மாட்டுக் கொளம்பு மாதிரி ஆயிடுச்சு. அதுதான் அவரு பெருமை.

அப்பதான் ரேணுகா வாயத் தொறந்தா. அவ ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். இரநூறு பசங்களுக்கு அளந்து போடறவ, பேச்சும் அளந்துதான் வரும்.

"எட்டு பௌர்ணமி" ன்னா. "நம்ம வாசலத் தாண்டி லட்சம் பேரு போறாங்க. நடக்கவே முடியாத கெழவிங்க, கைக்கொழந்தக்காரிங்க, போன்ல பேசிக்கினே போற பசங்க. நான் வாசல் கேட்டப் புடிச்சிக்கினு நின்னு பாத்துக்கினு இருந்தேன். டாக்டர் ரெண்டு மாசம்தான் வேணாம்னாரு. இவருதான் அத எட்டாக்கினாரு. நான் மூணாவதுலதான் போவேன். ஒரு மலைய முழுசாச் சுத்தணும்."

வேணு அட்டைங்கள எடுத்து அடுக்கினாரு. எட்டாக்கினது நெசம்தான். அன்னிக்குப் பள்ளிக்கூடச் சமையல் ரூம்ல அவ சாஞ்சி உழுந்து, ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு பெரியாஸ்பத்திரி போயி, அங்கேர்ந்து ஆம்புலன்ஸ்ல வேலூர் போயி, ஆபரேஷன் தேட்டர் வாசல்ல அவ செருப்பக் கைல வெச்சிக்கினு நின்னவரு அவரு. யாரோ ஒரு நர்ஸ் வந்து, ஏங்க அதக் கீழ வையிங்கன்னு சொன்னப்பதான் கைல செருப்பு இருக்கறதே தெரிஞ்சுது. அத அனுபவிச்சவனுக்கு ரெண்டு எட்டாத்தான் ஆவும்.

சரி, டாக்டர் சொன்னா கேப்பான்னு அந்த வாரமே வேலூருக்கு இட்டுக்கினு போனாரு. ஓடற பெல்ட் மேல நிக்க வெச்சி டெஸ்ட் எடுத்தாங்க. பன்னெண்டு நிமிஷம் நடந்தா. டாக்டர் காயிதத்தப் பாத்துட்டு, "நல்லா இருக்குதும்மா, போய்ட்டு வாங்க" ன்னுட்டாரு.

"சார், ஆயிரத்து நூறு மீட்டர் ஏறணும் சார். காத்து கம்மி சார் அங்க."

"ஒரு நாள் முன்னாடியே போய்த் தங்கிப் பழகிக்கட்டும். மெதுவா ஏறட்டும். நெஞ்சு வலிச்சா நின்னுடணும். இங்க பக்கத்துல ஒரு மலைல ஏறிப் பழகுங்களேன்."

"போவக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

டாக்டர் சிரிச்சாரு. "அவங்க போவலாம்ங்க. உங்களுக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி இருக்கும் போலருக்குது. கொஞ்சம் பாத்துக்கங்க."

ரேணுகா பஸ்ல வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு சிரிச்சிக்கினே வந்தா. கண்ணமங்கலம் தாண்டற வரைக்கும் அந்தத் தோள் குலுங்கிக்கினே இருந்துது.

அப்பதான் வேணு ஒரு காரியம் பண்ணாரு. பண்ணியிருக்கக் கூடாது. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கினு இருக்கும்போது, சாதாரணமா சொல்ற மாதிரி, "அந்த மூணாவது பாதைக்கு எடமெல்லாம் முடிஞ்சிடுச்சு. ஒரு நாளைக்கு நாப்பது பேருதானாம். நாமதான் லேட் பண்ணிட்டோம்" ன்னாரு.

ரேணுகா கையக் கழுவல. எச்சக் கையோடவே எடது கையால போன எடுத்து, பெங்களூர்ல இருக்கற பொண்ணு கவியாவுக்குப் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சா.

"கவி, அந்தப் பூங்கா சைட்டக் கொஞ்சம் பாரு. மூணாவது பாதைக்கு எடம் இருக்குதா?"

டக் டக்னு தட்டற சத்தம். "ஒம்பது எடம் காட்டுதும்மா. ஏன்?"

"முடிஞ்சிடுச்சுன்னாரு உங்கப்பா."

அந்தப் பொண்ணு மறுபடியும் தட்டிப் பாத்தா. அப்பறம், "அப்பாவுக்கு நெட் சரியா வரலயோ என்னமோ" ன்னா.

"அவருக்கு நெட் நல்லாத்தான் வருது" ன்னு ரேணுகா போன வெச்சிட்டா.

திட்டியிருந்தா கூடத் தேவலாம். ரெண்டு நாள் மோர் ஊத்தினா, ரசம் ஊத்தினா, பேசல. மூணாம் நாள் வேணுவே எறங்கி வந்தாரு.

"இந்தா, நான் ஒண்ணு சொல்றேன். டாக்டரே சொன்னாருல்ல, ஒரு மலை ஏறிப் பாருன்னு. பர்வதமலைக்குப் போவோம். அது நல்ல செங்குத்து. அத ஏறிட்டா மூணாவது பாதை. ஏற முடியலன்னா ஆத்தோரம். பேச்சு மாறக் கூடாது."

"யாரு ஏற முடியலன்னா?"

"யாரா இருந்தாலும்."

"நீங்களும்தான?"

"நானும்தான். எனக்கென்னா, நான் நல்லாத்தான இருக்கறேன்."

"சரி" ன்னா. அன்னிக்கு மறுபடியும் அவரு எலைல அப்பளம் உழுந்துது.

பரசுராமனையும் கூப்பிட்டாங்க. "கடைல யூரியா எறங்குது. நீங்க ரெண்டு பேரும் போயி பரீட்சை எழுதிட்டு வாங்க" ன்னுட்டாரு.

சனிக்கெழம காலைல வண்டில கெளம்பி, தென்மகாதேவமங்கலம் போய்ச் சேரும்போது மணி ஆறு. பச்சையம்மன்கிட்ட கற்பூரம் ஏத்திட்டு நடக்க ஆரம்பிச்சாங்க. வேணு சட்டப் பாக்கெட்டுல, நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடில வெக்கற மாத்திரை. தோள்பைல குளுக்கோஸ், தண்ணி, பிரஷர் பாக்கற மெஷின், ஆக்சிஜன் பாக்க விரல்ல மாட்டற, கவியா வாங்கி அனுப்பின கிளிப்பு. ரேணுகா கைல ஒரு வாட்டர் பாட்டிலு மட்டும்.

படி ஆரம்பிச்சுது. வேணுவோட திட்டம் என்னன்னா, அவ பின்னாடியே ஏறணும், மூச்சு வாங்குதான்னு கவனிக்கணும், வாங்கினதும் போதும்னு திருப்பிடணும். நூறு படி ஏறினாங்க. மூச்சு வாங்குது, ஆனா அது யாரு மூச்சுன்னு சந்தேகமா இருந்துது. எரநூறு படில அவரு நிக்கச் சொன்னாரு. கிளிப்ப மாட்டிப் பாத்தாரு. அவளுக்கு எல்லாம் சரியா இருந்துது.

"நீங்களும் ஒரு தடவ மாட்டிக்கங்க" ன்னா.

"எனக்கெதுக்கு."

படி முடிஞ்சி பாறைப் பாதை ஆரம்பிக்கற எடத்துல அவரு சட்ட ஒடம்போட ஒட்டிக்கிச்சு. கண்ணுல பூச்சி பறந்துது. ஒரு பெரிய கல்லு மேல காலத் தூக்கி வெச்சாரு, எடது கெண்டைக்கால் சுருட்டி இழுத்துது பாருங்க, அப்பிடியே ஒக்காந்துட்டாரு. அங்க கீத்துக்கொட்டா போட்டு ஒரு மோர்க்கடை. கடைக்காரம்மா ரெண்டு டம்ளர் உப்பு மோரு குடுத்து, கால நீவி உட்டுச்சு.

"ரேணு, போதும்மே. நாம எறங்கிடலாம்."

அவ பக்கத்துல குந்திக்கினு அவரு மூஞ்சிய முந்தானையால தொடச்சி உட்டா. "நீங்க இங்கியே இருங்க. நான் போயிட்டு வரேன்."

"தனியாவா?"

"எவ்ளோ ஜனம் போவுது. தனி என்னா தனி."

"நெஞ்சு கிஞ்சு வலிச்சா?"

"வலிச்சா நின்னுடுவேன். உங்கள வெச்சிக்கினு ஏறினா நான் மலையப் பாக்க முடியலங்க. திரும்பித் திரும்பி உங்க மூஞ்சியத்தான் பாக்க வேண்டியிருக்குது."

சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிட்டா. பச்சைப் பொடவ, பாறை வளைவுல ஒரு தரம் தெரிஞ்சுது, அப்பறம் இல்ல.

அது மறஞ்சி பத்து நிமிஷம் கழிச்சித்தான் வேணுவுக்கு ஒறச்சுது. மாத்திரை தன் பாக்கெட்டுல இருக்குது.

எந்திரிச்சாரு. நாலு எட்டு வெச்சாரு. கால் மறுபடியும் இழுத்துது. கைப்பிடியாக் கட்டியிருந்த கயித்தப் புடிச்சிக்கினு நின்னு, "ரேணு, ஏ ரேணு" ன்னு கூப்பிட்டுப் பாத்தாரு. மேலேர்ந்து யாரோ நாலு பேரு அரோகரா சொன்னாங்க. போன் போட்டாரு. டவர் இல்ல.

அந்த நேரம் தலைல தண்ணி கேன் வெச்சிக்கினு ஒருத்தரு ஏறி வந்தாரு. மேல கடைங்களுக்குச் சொமக்கறவரு, அர்ஜுனன்னு பேரு, அம்பது வயசுக்கு மேல இருக்கும். வேணு அவரு வழிய மறிச்சிக்கினு கையெடுத்துக் கும்புட்டாரு.

"அண்ணே, மேல ஒரு அம்மா போறாங்க, பச்சைப் பொடவ. நெஞ்சு வலிக்காரங்க. இந்த மாத்திரைய அவங்க கைல சேத்துடுங்கண்ணே."

அர்ஜுனன் கேன எறக்கல. ஒரு கைய மட்டும் நீட்டினாரு. "நாக்குக்கு அடில வெக்கறதுதான? எங்க அக்காவும் இதுதான் வெச்சிக்கினு இருந்துது. குடுங்க, சேத்துடறேன்."

உங்கக்கா இப்ப எப்பிடி இருக்காங்கன்னு வேணு கேக்கல. அவரு அந்த 'இருந்துது'லயே நின்னுட்டாரு.

ஒக்காந்திருந்தாரு. எட்டு மணி, ஒம்போது மணி. எறங்கி வர ஒவ்வொருத்தரையும் கேட்டாரு. "பச்சைப் பொடவ ஒரு அம்மாவப் பாத்தீங்களா?" ஒருத்தன் பாத்தேன்னான், ஒருத்தி அது நீலம்னா. சங்கிலியப் புடிச்சி ஏறற எடத்துல யாரோ ஒக்காந்துட்டாங்கன்னு ஒரு ஆளு சொன்னான். ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டதுக்கு, கூட்டமா இருந்துது சார், தெரியலன்னுட்டுப் போயிட்டான். வேணு மறுபடியும் எந்திரிச்சி பத்தடி போனாரு. கடைக்காரம்மாதான் கையப் புடிச்சி இட்டுக்கினு வந்து ஒக்கார வெச்சுது. "நீ உழுந்தா உன்னத் தூக்க நாலு பேரு எறங்கணும். சும்மா கெட சாமி."  

பதினொண்ணே காலுக்கு அவ வந்தா. நெத்தி பூரா விபூதி. மூஞ்சி செவந்து கெடக்குது. சிரிச்சிக்கினு வருவான்னு பாத்தாரு, அதான் இல்ல. நேரா வந்து மாத்திரைப் பட்டைய அவரு மடில போட்டா. ஒண்ணு கூடப் பிரிக்கல.

"ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்க. அந்தக் கேன்காரரு ஒவ்வொரு திருப்பத்துலயும் நெஞ்சு வலி அம்மா யாரு, நெஞ்சு வலி அம்மா யாருன்னு கேட்டுக்கினே வந்திருக்காரு. மேல போறேன், வரிசைல நிக்கற அத்தினி பேரும் வழி உடறான். ஒரு பொண்ணு என் கையப் புடிச்சிக்கினு உடவே மாட்டேன்னுது. சங்கிலிகிட்ட நாலு பேரு கீழேர்ந்து தாங்கிக்கினு நிக்கறான், நான் உழுவேன்னு. எட்டு மாசமா கேட்டுக்கு உள்ள நோயாளியா இருந்தேன். இன்னிக்குத்தான் ஒரு நாலு மணி நேரம் யாரும் என்னைத் தெரியாத எடத்துல நடக்கலாம்னு போனேன்."

"நீ மாத்திரைய உட்டுட்டுப் போயிட்டியேன்னு..."

"எம் பைலயே ஒரு பட்டை இருக்குது." இடுப்புல சொருவியிருந்த சுருக்குப் பையத் தொறந்து காட்டினா. "எனக்கும் உசுரு மேல ஆசை இருக்குதுங்க."

எறங்கும்போது அவருதான் அவ தோளப் புடிச்சிக்கினு எறங்கினாரு. ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு. வழில பாத்தவங்க, பாவம் பெரியவருக்கு முடியல போலருக்குதுன்னு வழி உட்டாங்க. அப்பதான் ரேணுகா ஒரு தரம் சிரிச்சா.

திங்கக்கெழம மத்தியானம் பள்ளிக்கூடம் முடிச்சிட்டு நேரா கடைக்கு வந்தா. விண்ணப்பம் போட வர ஜனங்க ஒக்கார்ற பிளாஸ்டிக் ஸ்டூல்ல ஒக்காந்தா. "போடுங்க. இன்னும் அஞ்சு எடம்தான் இருக்குதாம், கவி சொன்னா."

வேணு தொறந்தாரு. மொத நாள், ஆத்தோரம், நாலு பேரு. ரெண்டாம் நாள், மூணாவது பாதை. பரசுராமன். மணியம்மாள். ரேணுகாம்பாள், வயசு அம்பத்தொண்ணு. தன் பேர அதுல சேக்கற எடத்துல கை நின்னுது. "நான் வேணா பாதி வரைக்கும் வந்துட்டு..."

"பாதில திரும்ப விட மாட்டாங்கன்னு நீங்கதான படிச்சிச் சொன்னீங்க."

தன் பேர ஆத்தோரத்துலயே இன்னொரு நாளைக்கும் போட்டாரு.

இருதய நோய் உண்டான்னு ஒரு கேள்வி. "உண்டுன்னே போடுங்க, பொய் வேணாம்" ன்னா. அவரு உண்டுன்னு தட்டினாரு. இதுலயாச்சும் சிஸ்டம் மறிக்கும்னு ஒரு ஆசை. டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டுது. ஏத்தினாரு. சுத்திச் சுத்தி யோசிச்சிட்டு பச்சை டிக் காட்டுச்சு.

கடைசிக் கட்டம். மலைல எதுனா ஆயிட்டா யாருக்குத் தகவல் சொல்லணும், பேரு, உறவு, போன் நம்பர். வேணு, கணவர்னு போட்டு, தன் நம்பரத் தட்டினாரு.

ரேணுகா எட்டிப் பாத்தா. "அன்னிக்கு நீங்க ஆத்தோரத்துலதான இருப்பீங்க. அங்க டவர் கெடையாதுன்னு போட்டிருக்குதே. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுவாங்க? கவி நம்பரப் போடுங்க."

அவரு ஸ்கிரீனையே பாத்துக்கினு இருந்தாரு. வெளிய ஒரு ஆளு ஆதார் அட்டைய நீட்டிக்கினு, "சார், ஒரே ஒரு காப்பி" ன்னான். "இருப்பா" ன்னாரு.

"அஞ்சு எடம்தாங்க இருக்குது" ன்னா ரேணுகா, மெதுவா.

வேணு தன் பேர ஒவ்வொரு எழுத்தா அழிச்சாரு. கணவர்ங்கறதயும் அழிச்சாரு. கவியா, மகள்னு போட்டு, அவ நம்பரத் தட்டி, ஒரு தரம் சரி பாத்துட்டு, அனுப்பினாரு.